தட்டு வைத்தவர்களின் பட்டியல்

பாரா உவா,
மார்ச் 9

அன்பு மகள் ஹெர்லிந்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பி மார்சியோவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால்தான் மழை வருவதற்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. நியூயார்க்கில் பனி நின்றதா, வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று எழுது. நீ அனுப்பிய காலணி ஒரு விரல் பெரிது, பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டுதான் கோஸ்தா ரிக்காவுக்குப் போய் வந்தேன். ஆமாம், உன் அப்பன் விமானம் ஏறிவிட்டான். வழியில் தின்ன மரவள்ளி ரொட்டி கொண்டுபோனேன், சோதனைக்காரன் அதைத் தட்டிப் பார்த்து இது என்ன பலகையா என்று கேட்டான். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும்.

விடுதி கட்டுகிறவர்கள் நம் கடற்கரையைக் கல்லறைத் தோட்டத்தோடு சேர்த்து வேலி போட்டது உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குப் பூ வைக்கக்கூட காவல்காரனிடம் கெஞ்ச வேண்டும், பாதி நாள் திருப்பி அனுப்பிவிடுவான். நம் நாட்டு நீதிமன்றங்களில் ஏழு வருடம் ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் வக்கீல் யாமிலெத் வந்து, அரசாங்கத்தையே வெளிநாட்டில், கோஸ்தா ரிக்காவில் இருக்கிற நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்றாள். எனக்கு அது விளங்கவே இல்லை. அரசாங்கத்துக்கு மேலே யார்? அவர்கள் சொன்னால் இவர்கள் ஏன் கேட்க வேண்டும், அவர்களிடம் போலீஸா இருக்கிறது? துருவித் துருவிக் கேட்டேன். பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் நம் அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, போட்ட கையெழுத்தை ஊரறிய இல்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும் என்றாள். கூச்சமே இல்லாதவனை என்ன செய்வது என்றேன். இன்னும் நாலு பேரைக் கூட்டிச் சத்தம் போடுவோம் என்று சிரித்தாள்.

ஊர்க்காரர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும் என்று அவள் கேட்டபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். முன்னோருக்கு விருந்து படைக்கும்போது செத்தவர், ஊரில் இருக்கிறவர் எல்லோரிலும் யார் யாருக்குத் தட்டு என்று வீடு வீடாக எழுதி வைப்போமே, அந்த நோட்டை அப்படியே பார்த்து எழுதினேன். ஊரில் யார் யார் என்றால் அதுதானே? உன் சித்தி செவெரியானா சரிபார்க்கிறேன் என்று வந்து, அவளுடைய கொள்ளுப்பாட்டி பெயர் விட்டுப்போனதற்குச் சண்டை போட்டு அதையும் சேர்த்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை, எல்லாம் நம் குடும்பப் பெயர்கள் என்பதால் யாமிலெத்துக்கும் சந்தேகம் வரவில்லை.

நீதிமன்றத்தில் எனக்கு எல்லாமே வேடிக்கைதான். ஏழு நீதிபதிகள், ஏழு பேரும் வேறு வேறு நாடு. நான் நம் மொழியில் பேசப் பேச, பெலீஸிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடி அறைக்குள் இருந்து அதை ஸ்பானிய மொழியில் சொல்கிறாள். இருமினால் அதையும் சொல்வாளா என்று பார்க்க ஒருமுறை வேண்டுமென்றே இருமினேன், சும்மா இருந்தாள். அந்த நேரம் பார்த்து அரசாங்க வக்கீல் எழுந்தார். இந்தப் பட்டியலில் அறுபத்தொரு பேர் எப்போதோ செத்துப்போனவர்கள், இது பொய், வழக்கையே தள்ளிவிட வேண்டும் என்றார். யாமிலெத்தின் முகம் செத்துவிட்டது. ஏழு வருடப் பாடு என் பேனாவால் போயிற்றே என்று நினைத்தேன். அவர் விடவில்லை, பாஸ்குவாலா நோராலெஸ் உங்கள் மனைவிதானே, பத்து வருடம் முன்பு செத்தவர் இப்போது நிலம் கேட்கிறாரா என்று என்னிடமே கேட்டார்.

"அவ ஒண்ணும் கேக்கலீங்க. அவ அங்கதான் படுத்திருக்கா. அவளப் பாக்கப் போறதுக்கு நான்தான் வழி கேக்குறேன்" என்றேன். கண்ணாடிக்குள் இருந்த பெண் அதை அப்படியே ஸ்பானிய மொழியில் சொன்னாள்.

நடுவில் இருந்த நீதிபதி அம்மாள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விசாரித்தார். தட்டு சங்கதியைச் சொன்னேன். வெளியூர் போனவர்களுக்கும் தட்டு உண்டா என்று கேட்டார். அவருக்கும் என்னைப் போல எல்லாம் தெரிய வேண்டும் போலிருக்கிறது. கிடையாது, உயிரோடு தூரத்தில் இருக்கிறவர்களுக்குத் தட்டு வைப்பது அவர்களைச் சாகச் சொல்வது மாதிரி என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, அந்த நானூற்றுப் பன்னிரண்டில் நீ இல்லை.

வழக்கைத் தள்ளவில்லை. முப்பது நாளில் உயிரோடு இருக்கிறவர்களின் பட்டியல் தர வேண்டும். செத்தவர்களை அவரவர் புதைத்த இடத்தோடு தனித்தாளில் எழுதினால் அதுவே நமக்குச் சாட்சி என்கிறாள் யாமிலெத். வெளிநாட்டில் இருப்பவர்களும் தங்கள் கையால் எழுதிக் கொடுத்தால் சேர்க்கலாமாம். விலாசம் வேண்டாம், அந்த நாட்டில் தங்க உன்னிடம் காகிதம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், நான் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நேற்றுக் காலை புதிதாக எழுத உட்கார்ந்தேன். என் பெயருக்கு அடுத்து உன் அம்மா பெயர் இருந்த வரியில் பேனா நின்றுவிட்டது. செவெரியானா பார்த்துவிட்டு, "விட்டுருங்க மச்சான், அக்கா கோவிச்சுக்காது" என்றாள். கோபித்துக்கொள்வாள், நாற்பது வருடம் குடித்தனம் செய்தவனுக்குத் தெரியாதா. அவள் அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதற்காக நான் உன்னை ஒருநாளும் குறை நினைத்ததில்லை, நீ நினைத்து அழாதே.

முன்னோர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஏப்ரல் நான்காம் தேதிக்குள் உன் கடிதம் இங்கே வந்தாக வேண்டும், இன்னாருடைய மகள், பாரா உவாக்காரி என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. என் பெயருக்கு அடுத்த வரியை உனக்காக எழுதாமல் விட்டு, அதற்கும் கீழேதான் மார்சியோவை எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
தெயோஃபிலோ