வீதிக்குக் குறுக்கே ஒரு வடம்

2025 மே 14, புதன்

வேலைக்குப் போய் வந்தேன். நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது, கேட்டால் திருப்பி வாசித்தும் காட்டுகிறது. போனுக்குள் இருந்து வாசிக்கிறவள் இந்தியாக்காரி. என் கோபத்தை எல்லாம் செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கிறாள்.

வழுவழுவென்று தார் போட்ட புதுக் காப்பெற் வீதி வந்ததில் ஊர்காவற்றுறையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. குழியும் கல்லுமாகக் கிடந்தபோது சைக்கிள் வந்தால்கூடத் தூரத்திலேயே கேட்கும். இப்போது வாகனங்கள் பூனைபோல் வருகின்றன. இன்று அந்தோனியார் கோயிலடியில் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என் பிரம்பைத் தட்டிவிட்டுப் போனது. "கண் தெரியாதோ?" என்று கத்தினான். "ஓமடா, தெரியாது!" என்று நானும் கத்தினேன்.

மே 15

பிரம்பின் கைவார் அறுந்துவிட்டது. தம்பி றொபேட் நைலோன் நூலால் கட்டித் தந்தான். அவன் இடதுகைக்காரன், முடிச்சு எல்லாம் மறுபக்கமாகச் சுற்றியிருக்கும். எப்படி அறுந்தது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

மே 19, திங்கள்

ஏரம்பு அண்ணையை ஓடிவந்த வான் ஒன்று இடித்துவிட்டது. அதே கோயிலடியில். சீனி வருத்தத்தில் பார்வை போன மனுசன், சரவணை ஊரிலிருந்து பஸ்ஸில் கிளினிக்குக்கு வருகிறவர். வெள்ளைப் பிரம்பு வெட்கம் என்று குடையோடு திரிவார். கால் முறிந்துபோயிற்று. உயிர் தப்பினது தெய்வச் செயல். அவருடைய தெய்வமோ எங்கள் தெய்வமோ, யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் றொபேட் தொடங்கினான். "அக்கா, உழைச்சது காணும். வேலையை விட்டிட்டு வீட்டை இருங்கோ. நான் சோறு போடமாட்டனோ?"

போடுவான். அவன் பெண்சாதி நிமலினியும் முகம் சுளிக்கமாட்டாள். ஆனால் வேலை செய்கிற கந்தோரில் தொலைபேசி எடுத்து இணைக்கிற ஞானசவுந்தரி நான். குரல் கேட்டே ஆளைச் சொல்லுவேன். வீட்டில் நான் ஆர்? மூலையில் கதிரை போட்டு இருத்தி வைக்கிற சாமான்.

சண்டை பிடித்தேன். கடைசியில், "யூலை முடியுமட்டும் பாப்பம். அந்த றோட்டுக்கு ஒரு வழி பிறக்காட்டில் விட வேணும்" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல? விடியப்புறம் கடலுக்குப் போகிறவன் என்னைக் கடத்திவிட முடியுமா? ஊர்ச்சனம் ஒருநாள் பிடித்துக் கடத்தும், இரண்டு நாள் கடத்தும். வருடம் முழுக்க ஆர் நிற்பார்கள்?

மே 27

லீவு போட்டு வீதிக் கந்தோருக்குப் போனேன். எஞ்சினியர் ஆரூரன், சின்னப் பெடியன், மரியாதையானவன். கதிரை தந்து தேத்தண்ணியும் தந்தான். வாகனம் வருவது காதுக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

யூன் 2

கோயிலடியில் ஆட்கள் கடக்கிற கடவை கீறிவிட்டார்கள். பளிச்சென்று வெள்ளைக் கோடாம். கண் தெரியாதவளுக்குக் கோடு! ஏரம்பு அண்ணைக்கு போன் எடுத்துச் சொன்னேன். கட்டுப்போட்ட காலோடு கிடந்து சிரித்தார். "பிள்ளை, வடிவா இருக்குதோ எண்டு பாத்துச் சொல்லும்" என்றார்.

யூன் 4, புதன்

கோயில் கொடியேற்றம். பெருநாள் காலத்தில் வாகனங்கள் மெல்லப் போகட்டும் என்று, வள்ளம் கட்டுகிற தடித்த வடத்தை வீதிக்குக் குறுக்கே போட்டு ஆணி அடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கோயிலுக்கு யாழ்ப்பாணப் பக்கம் ஒன்று, துறைப் பக்கம் ஒன்று. வருடா வருடம் போடுகிறதுதான். பழைய குழி வீதியில் நான் கவனித்ததே இல்லை.

இன்று கவனித்தேன். டக்-டக். வாகனத்தின் முன்சில்லு வடத்தில் ஏறி இறங்க, பிறகு பின்சில்லு. பஸ் என்றால் கனத்த சத்தம், ஓட்டோ என்றால் குலுங்கல். எந்தப் பக்கத்தால் வருகிறது, மெல்லவா வேகமாகவா, எல்லாம் தெரிகிறது. பூனைக்கு ஆர் மணி கட்டுறது என்று கேட்பார்களே. இதோ, கட்டிக் கிடக்கிறது.

யூன் 6

தனியே போனேன், தனியே வந்தேன். நெஞ்சு இடிக்கவில்லை. காலையில் ஒலிபெருக்கி போட்டால்தான் தொல்லை. பெருநாள் தலைவர் யாகப்பு அண்ணையிடம் சொன்னேன். "அந்தோனியார் பாட்டையோ நிப்பாட்டச் சொல்லுறீர்?" என்றார். "நான் கடக்குமட்டும் அந்தோனியார் பொறுப்பார் அண்ணை" என்றேன். நிறுத்திவிட்டார்.

யூன் 14, சனி

கொடி இறக்கியாயிற்று. வடத்தையும் சுருட்டிவிட்டார்கள்.

யாகப்பு அண்ணை வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஏலாதாம். வடம் பெருநாளுக்கு உரியதாம், வீதிக் கந்தோர் அனுமதியும் பெருநாளுக்கு மட்டும்தானாம். "மற்ற நாளிலை மோட்டச்சைக்கிள் சறுக்கினால் ஆர் பதில் சொல்லுறது?"

"பெருநாள் முழுக்கச் சறுக்காத சைக்கிள் பெருநாள் முடியத்தான் சறுக்குமோ?"

அவர் மனுசியைக் கூப்பிட்டார். மனுசி தேத்தண்ணி கொண்டுவந்தா. குடிக்காமல் வந்தேன்.

யூன் 16

வீதியோரத்தில் நின்றேன். நின்றேன். கால் எடுக்க முடியவில்லை. முந்தியும் சத்தமில்லாத வீதிதானே? முந்திக் கடந்தனான்தானே? நல்லதைக் கண்டபிறகு பழைய துணிச்சலும் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஜெனீற்றா ரீச்சர் வந்து கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். கந்தோருக்குப் பிந்திப் போனேன். குளியலறையில் அழுதேன். ஆரிட்டைச் சொல்ல? கடவுளே, நான் என்ன விமானமா கேட்டனான், ஒரு சத்தம்தானே கேட்டனான்!

யூன் 18

ஆரூரனுக்கு போன் எடுத்தேன். சில்லு ஏறினால் சத்தம் போடும்படி வீதியில் தடித்த கோடுகள் போடலாமாம். "செய்யலாம் அன்ரி, ஆனால் மேலிடத்து அனுமதி வேணும், காலம் எடுக்கும்" என்றான். அதுவரை வடம்? "பெருநாள் எண்டால் ஒண்டும் சொல்லமாட்டம். சும்மா நாளிலை ஏலாது."

ஏரம்பு அண்ணையிடம் சொல்லிப் புலம்பினேன். ம் கொட்டிக் கேட்டார். பிறகு, "பிள்ளை, உங்கடை கலண்டரிலை ஒவ்வொரு நாளும் ஒரு புனிதர் இருக்கிறார் எல்லோ?" என்றார்.

யூன் 22, ஞாயிறு

பூசை முடிய யாகப்பு அண்ணையைப் பிடித்தேன். இன்றைக்கு எந்தப் புனிதரின் நாள் என்று கேட்டேன். ஏதோ பெயர் சொன்னார். நாளைக்கு? இன்னொரு பெயர். நாளையின்றைக்கு? அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "எடி, நீர் பொல்லாத ஆள்!"

"பெரிய புனிதருக்குத்தான் வடமோ? சின்னப் புனிதர்கள் என்ன பாவம் செய்தவை?"

பக்கத்தில் நின்ற சுவாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பின்னேரமே வடம் வீதிக்கு வந்துவிட்டது.

யூலை 1

டக்-டக். வேலை. வீடு.

யூலை 9

பேக்கரிச் சாமான் விற்கிற பாண் ஓட்டோக்காரன் முறைப்பாடு கொடுத்துவிட்டான். பணிஸ் எல்லாம் நசுங்குதாம். ஆரூரன் வந்தான். "இன்னும் பெருநாள் முடியேல்லையோ அன்ரி?" "முடியேல்லை தம்பி, புனிதர்கள் கனபேர்." சிரித்துவிட்டான். ஆனால் வடத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நான் கடப்பதை நின்று பார்த்தான். கோடுகளுக்கு அனுமதி இந்த மாதமே எடுப்பேன் என்றான். சொல்லுவார்கள், பார்ப்போம்.

யூலை 29

சொன்னதைச் செய்தான். பாதி. யாழ்ப்பாணப் பக்கம் தடித்த கோடுகள் போட்டாயிற்று. டர்ர் என்று நல்ல சத்தம். துறைப் பக்கத்துக்குச் சாமான் போதவில்லையாம், இரண்டு மாதம் செல்லுமாம். வேலையாட்கள் வடம் இரண்டையும் கழற்றினார்கள். தேய்ந்து நார் நாராகிப் போச்சு, இனி உதவாது என்று யாகப்பு அண்ணை சொன்னார். இந்த முறை அவரோடு சண்டை பிடிக்க நியாயம் இல்லை.

ஒரு காதுக்கு மட்டும் வீதி.

யூலை 30

நாளையோடு யூலை முடிகிறது. இன்றும் ரீச்சர்தான் கடத்திவிட்டார். றொபேட்டிடம் பாதிதான் வந்தது என்று உள்ளதைச் சொன்னேன். "தெரியும்" என்றான். சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டான். நான் கொடுத்த வாக்கு. வேலையை விடுகிற கடிதத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு வசனமும் வரவில்லை.

யூலை 31, வியாழன்

ரீச்சருக்குக் காத்து வீதியோரத்தில் நின்றேன். துறைப் பக்கத்திலிருந்து டக்-டக்.

நம்பவில்லை. ஓரமாகவே நடந்து போய்ப் பிரம்பால் தேடினேன். தட்டுப்பட்டது. குந்தியிருந்து கையால் தடவினேன். பழைய வடம் இல்லை. புதுக் கயிறு, இரண்டாக முறுக்கிப் போட்டிருந்தது. உப்பும் மண்ணெண்ணெயும் மணத்தது. நுனியைப் பிடித்துப் பார்த்தேன். என் பிரம்பில் இருக்கிற அதே முடிச்சு, மறுபக்கமாகச் சுற்றினபடி.

தனியே கடந்தேன்.

இரவு சோறு போடும்போது கேட்டேன். "உன்ரை நங்கூரக் கயிறு எங்கையடா?"

"அறுந்து போச்சு."

"புதுக் கயிறோ?"

"ஓம், புதுக் கயிறுதான். மீனைப் போடுங்கோ அக்கா, ஆறப்போகுது."

பொய்யன். பெரிய துண்டாய்ப் பார்த்துப் போட்டேன். நாளைக்கு வேலை, வேளைக்குப் படுக்க வேண்டும்.