இடப்பக்கக் கைப்பிடிகள்

புதுச்சேரி,
12-11-1958

கஸ்தோனுக்கு,

பாரிசிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. நாடகக் கல்லூரியில் மேடை விளக்கு படிக்கிறாயாம். நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

"நம்ம ரெண்டு பேர் விண்ணப்பத்தையும் நானே தபால்ல சேத்துடறேன், குடுடா" என்று முதலியார்பேட்டையில் வாங்கிப் போனாய். எனக்குப் பதிலே வரவில்லை. எனக்குத் தகுதி போதவில்லை என்று ஒரு வருஷம் நம்பினேன்.

இப்போது கேட்கிறாய்: உன் விண்ணப்பத்தோடு நீ கொடுத்த வரைபடத்தில், விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகள் ஏன் இடப்பக்கமே இருக்கின்றன, வாத்தியாரிடம் என்ன சொல்வது என்று. அது என் விண்ணப்பத்தில் வைக்க நான் ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்தது.

வரைந்தவன் இடது கைக்காரன் என்று சொல். அவன் பெயர் என்ன என்று அவர் கேட்பார். அதையும் சொல்.

இப்படிக்கு,
மில்லில் இன்னும் பியூஸ் போட்டுக்கொண்டிருப்பவன்