மூடி இறுக்கிய டப்பா

என் பொன்னே,

போனில் சொன்னால் நீ அழுவாய், வார்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நர்ஸ் வேலைக்கு டப்ளினுக்குக் கிளம்பிய அவசரத்திலும் நம் மகள் ட்ரீசாவுக்குப் பேச்சுப் பயிற்சி தர சுமங்களா டீச்சரைத் தேடிப் பிடித்தாயே, அதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

வந்த அன்றைக்கே டீச்சர் எங்களைத்தான் பிடித்துக்கொண்டார். "பிள்ளை நினைக்கறதுக்குள்ள எல்லாம் கைக்கு வந்துடுது. அப்புறம் அவ எதுக்கு உங்க மூஞ்சியைப் பாக்கணும்?" அவளுக்குப் பிடித்த அச்சப்பப் பலகாரத்தை டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி, அவள் எதிரே வைத்துவிட்டு, அவளாகக் கேட்கும்வரை சும்மா இருக்கச் சொன்னார்.

என் அப்பாவுக்குப் பொறுக்குமா? "கோட்டயத்துல எந்த வீட்டுல பிள்ளையைக் கெஞ்ச வச்சுத் தின்னக் கொடுக்கறாங்க?" என்று கத்தினார்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க அப்பச்சா" என்றார் டீச்சர். உட்கார்ந்துவிட்டார், நம்பு!

நேற்று உன் வீடியோ கால் முடிந்ததும் ட்ரீசா டப்பாவை எடுத்தாள். அப்பாவைத் தாண்டிப் போனாள், என்னையும் தாண்டிப் போனாள். இதுவரை யாரையும் கூப்பிட்டறியாத பிள்ளை, மேசையில் அணைந்து கிடந்த போனுக்கு நேரே டப்பாவை நீட்டி, "அம்மே, தொற" என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திறந்து கொடுத்தது நான். கேட்டது உன்னிடம்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கப்போவதில்லை. டீச்சர் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்