களவெட்டியில் வாங்கிய ஓம்

1962 பெப். 14, புதன். கிரான்

நல்ல வெயில். வெள்ளாமை வெட்டு முடிந்தது. இனிச் சூடடிப்பு, கதிரை மாடு விட்டு மிதிப்பது.

ஆசிரிய கலாசாலை விண்ணப்பம் சனிக்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். அப்பாவின் கையெழுத்து வேண்டும். காலையில் கேட்டேன். "அடுத்த வருசம் பாப்பம், புள்ள." போன வருடமும் இதே பேச்சு. அடுத்த வருடம் கலியாணம் பேசி முடித்துவிடுவார்கள். சீதனத்துக்கு என் பேரில் வீடு கட்டக் கல் கொண்டுவந்து பறித்தாயிற்று.

நீலச் சட்டைக்குப் பொத்தான். அம்மாவுக்குப் பல்வலி, கராம்பு வாங்க.

பெப். 15, வியாழன்

புளியந்தீவிலிருந்து ரோசலின் கடிதம். என்னோடு படித்தவள். விண்ணப்பத்தைத் திங்களே அனுப்பிவிட்டாளாம். பொறாமையாக இருக்கிறது.

ஒரு யோசனை. களவெட்டியில், சூடடிக்கும் களத்தில், நெல் குவிந்து கிடக்கும்போது "இல்லை", "வேண்டாம்" என்று யாரும் சொல்லக்கூடாது, பொலி குறைந்து நெல் அளவில் சுருங்கிவிடும்; எதைக் கேட்டாலும் "ஓம்", சரி என்றே சொல்ல வேண்டும். அப்பா போடியார், வயலுக்குச் சொந்தக்காரர்; இதில் மகா கண்டிப்பு. நாளைக்கு அங்கேதான் நிற்பார்.

பெப். 16, வெள்ளி

சோற்றுப் பெட்டியோடு விண்ணப்பத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் களத்துக்குள் போகக்கூடாது. வரம்பிலேயே நின்று கத்தினேன்: "அப்பா, இந்த வருசமே விண்ணப்பம் போடட்டா?"

மாடுகள் சுற்றின. வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். அப்பா நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "ஓம்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார். "போடியார்ர மகள் கெட்டிக்காரிதான்" என்று ஒருவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நேரே தபால் கந்தோருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

பெப். 17, சனி

காலையில் நெல் வீடு வந்து சேர்ந்தது. அப்பா முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை நீட்டினேன்.

"அப்பா, இது களவெட்டி இல்ல, வீடு. வேணாம் எண்டா இப்பச் சொல்லுங்க. கிழிச்சுப் போடுறன்."

"உனக்கென்ன விசரா?" என்றாள் அம்மா.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு, "இன்னும் அனுப்பல்லியா?"

"இல்ல."

"இண்டைக்கெல்லோ கடைசி நாள்! மத்தியானத்தோட கந்தோரப் பூட்டிருவாங்க. வா, புள்ள!"

"சாப்பிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

"வந்து திங்கட்டும்."

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். எனக்கு அழுகை வந்தது, அவருக்குத் தெரியாது. கந்தோரில் முத்திரையை என் கையிலிருந்து வாங்கி, தானே நாக்கில் நனைத்து ஒட்டினார்.