எட்டாவது கை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் அப்பாவின் இருமலைத் தவிர வேறு செய்தியே இல்லையே!

இங்கே மருத்துவக் கல்லூரியில் புது முறைப் படிப்பு. வாத்தியார் கிடையாது. ஒரு நோயாளியின் கதையைத் தாளில் கொடுத்து, எட்டுப் பேரை ஓர் அறையில் விட்டுவிடுகிறார்கள். நாங்களே அலசி, நாங்களே தேடிப் படித்து, நாங்களே முடிவு செய்ய வேண்டும். சண்டை முற்றினால் கை தூக்கி எண்ணுவோம். நேற்று நேரம் மிச்சமிருந்தது. ‘லேத் பட்டறைக்காரர், வயது அறுபத்திரண்டு, படுத்தால் இருமல், உட்கார்ந்தால் அடங்கும், கால் வீக்கம்’ என்று பலகையில் எழுதினேன். என் அப்பா என்று சொல்லவில்லை. பட்டறைத் தூசியால் வந்த ஆஸ்துமா என்று எட்டுக் கைகளும் உயர்ந்தன. பயப்படாதே.

உன் பாப்பா

பிப்ரவரி 12

அன்புப் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “எட்டு டாக்டர் பாத்தாச்சு, ஒன்பதாவது எதுக்கு?” என்கிறார். தெரு முழுக்கப் பெருமை அடித்தாயிற்று. ஆனால் இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். செருப்புக்குள் கால் நுழையவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வரிக்கு வரி ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். நீ என்னடி நினைக்கிறாய்?

அக்கா

பிப்ரவரி 17

அக்கா,

இன்று காலை போனில் “உடனே கூட்டிட்டுப் போ” என்று கத்தினேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

பலகையில் எழுதும்போதே இது இதயம் என்று தோன்றியது. சொல்லியும் பார்த்தேன். “புத்தகத்துல எந்தப் பக்கம், காட்டு” என்று ஒருவன் மடக்கினான். அடங்கிவிட்டேன். எட்டாவது கை என்னுடையது. வாத்தியார் இல்லாததைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. ஆஸ்துமாவாகவே இருந்துவிடட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தூக்கினேன்.

ஒரு வரி எழுது.

பாப்பா

பிப்ரவரி 23

பாப்பாவுக்கு,

இதயம்தான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஐந்து நாள் வைத்திருந்து நேற்றுதான் அனுப்பினார்கள். “பத்து நாள் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?” என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

அப்பாவோ, “சின்னவ போன்லயே கண்டுபிடிச்சுட்டா, இல்லைன்னா போய்ச் சேர்ந்திருப்பேன்” என்று ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகச் சொல்லிவிட்டார். உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

உன் கடைசிக் கடிதத்தை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். சனிக்கிழமை வா. நீயே படித்துக் காட்டு.

அக்கா