ஆறாவது வாள்

நவம்பர் 3

ஒலிப்பதிவுக் கூடத்தில் டெஸ்ஸோடு சண்டை. கயிறு திரிப்பவன் பாட்டு. தான் திரித்த கயிற்றாலேயே காதலியின் கழுத்தை நெரிக்கிறான், ஏழாவது சரணத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டெஸ் சொல்கிறான், "மேவிஸ், அந்த எடத்துல கொஞ்சம் மென்மையா பாடலாமே." மென்மையாகவா? கழுத்தை நெரிக்கிறவன் தாலாட்டுப் பாடிக்கொண்டா நெரிப்பான்? "நீ தயாரிப்பாளர். டீ போட்டுக் கொடு, கொலையில தலையிடாதே" என்றேன். போட்டுக் கொடுத்தான். கழுநீர்.

இந்த ஆல்பத்தில் பதினொரு பாட்டு, ஒன்பது பிணம். என் பிழைப்பே இதுதான்: முந்நூறு வருடத்து மெட்டை எடுத்து அதில் இந்த வாரத்துச் செய்தித்தாளைக் கொட்டுவது. இரத்தம் இல்லாத பாட்டை எங்கள் ஊர் ஸ்கெல்பெக்கில் நாய்கூடக் கேட்காது. கொலை விழுந்ததும் கோரஸை எப்படிக் குஷியாகப் பாடுகிறார்கள்!

நவம்பர் 5

ஆறு மணிக்கு மகள் லின்னெட் வந்தாள். வெளியே வருடா வருடம் இந்த ராத்திரியில் செய்வதுபோல வைக்கோல் பொம்மையை எரித்து ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதே எனக்குக் கேட்கவில்லை.

இடது கன்னம் பழுத்த பிளம் மாதிரி. கண் மூடிக்கிடந்தது. கழுத்தில் நான்கு விரல் தடம்.

"கிரெய்கா?"

"கூரையிலருந்து விழுந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?"

"கூரை வேயறவன் அவன். நீ எதுக்குடி கூரை ஏறுற?"

சிரிக்கப் பார்த்தாள். உதடு பிளந்து இரத்தம் வந்தது. இஞ்சிக் கேக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன், கடிக்க முடியவில்லை. கொல்வேன் அவனை. எழுதி வைக்கிறேன். கொல்வேன்.

நவம்பர் 6

விடியும்போதே நான்கு சரணம் ஆகிவிட்டது. தானாக வந்தது, நான் கூப்பிடவில்லை. வீங்கிய கன்னம், நான்கு விரல், பட்டாசுச் சத்தம். கயிற்றுப் பாட்டின் மெட்டிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. பன்றிக்கறி வறுத்துக்கொண்டே முணுமுணுத்திருக்கிறேன். திரும்பினால் லின்னெட் வாசற்படியில் நிற்கிறாள்.

"அது யாரோட கன்னம், அம்மா?"

கறியைப் புரட்டிப் போட்டேன்.

"ஒரு ராத்திரி பொறுக்கலையா உனக்கு? இன்னும் வீக்கம்கூட வடியல, அதுக்குள்ள மெட்டுல போட்டுட்டியா? இதுக்கும் ஜனங்க சேர்ந்து கோரஸ் பாடுவாங்களா?"

"பேரு வராதுடி கண்ணு. யாருக்கும் தெரியாது."

"அதான். செத்த பொண்ணுங்களுக்கு உன் பாட்டுல பேரே கிடையாதே."

மேல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கறி கருகிவிட்டது.

நவம்பர் 9

அந்தப் புருஷனிடமே திரும்பிப் போயிருக்கிறாள். நான்தான் துரத்தினேன்.

நவம்பர் 14

மதுக்கடையில் வில்ஃப். கிரெய்கின் அப்பன். நாற்பது வருடச் சிநேகிதம், மூன்று படகை மூழ்கடித்த மகராசன். கிறிஸ்துமஸ் மறுநாள் வாளாட்டத்துக்கு அவன்தான் தலைவன். "ஆறு பேரும் ரெடி மேவிஸ். அழைப்புப் பாட்டுக்குப் புதுக் கேலி ஏதாவது வெச்சிருக்கியா?" என்றான்.

வைத்திருக்கிறேன். ஆறு ஆட்டக்காரர்களையும் ஆளுக்கொரு சரணத்தில் கிண்டலடித்து வட்டத்துக்குள் அழைப்பது என் வேலை. பாட்டில் அழைக்காதவன் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதை மட்டும் எந்தக் குடிகாரனும் மீறியதில்லை. ஆறாவது ஆள் கிரெய்க்.

"உன் பையன் என் பொண்ணை அடிக்கிறான்" என்றேன்.

வில்ஃப் குவளைக்குள் பார்த்தான். "புருஷன் பொண்டாட்டி விவகாரம். ரெண்டு பக்கமும் கேக்கணும்."

குவளையை அவன் மடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். நல்ல பீர், வீணாகிவிட்டது.

நவம்பர் 22

இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். கீழே இரண்டு பல் இல்லை.

லின்னெட் ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கரி அள்ளும் மண்வெட்டியோடுதான் போனேன், ஒளிப்பானேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ உடைகிற சத்தம். வாசலில் அவனுடைய வேன் நின்றது. முன்கண்ணாடியை அடித்தேன். மறுபடி அடித்தேன். அடடா, என்ன சத்தம்! வேன் முழுக்கக் கண்ணாடிப் பொடி.

வந்தான். மண்வெட்டியைப் பிடுங்கினான். அதன் கட்டையாலேயே தாடையில் போட்டான். விழுந்த பிறகு விலாவில் பூட்ஸ். "பாடுடி இப்போ, பாடு!" என்று ஒவ்வொரு உதைக்கும் கத்தினான். தாளம் தப்பவில்லை நாய்க்கு. வாளாட்டம் பழகிய கால்.

லின்னெட்டின் குரல்தான் கடைசியாகக் கேட்டது. கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் செருப்பு இல்லை.

நவம்பர் 24

போலீஸ்காரி வந்தாள். "யார் முதல்ல அடிச்சது?" ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: நான்தான். வேனை. பெருமூச்சு விட்டாள். தற்காப்புக்கு அடித்தேன் என்று கிரெய்க் சொல்லிவிட்டானாம். குடிகாரக் கிழவி மண்வெட்டியோடு வந்தாள் என்று ஊரும் தலையாட்டுகிறது. லின்னெட் வாயைத் திறந்தால்தான் வழக்கு நிற்கும். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு சூட்கேஸைக்கூடப் பிரிக்கவில்லை. எந்த நேரமும் திரும்பிப் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். இரண்டாம் முறை போனால் உயிரோடு வர மாட்டாள். என் பாட்டுகளில் வருகிற எவளும் வந்ததில்லை.

டிசம்பர் 2

உறிஞ்சுகுழலில் தக்காளி சூப். சே.

டிசம்பர் 12

வில்ஃப் வந்தான், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு. என் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை அவனால். நல்லா பாரு கிழவா என்று விளக்கைப் போட்டேன்.

"அவன் என் புள்ளை மேவிஸ். நான் என்ன பண்ணுவேன்?" என்றான். பிறகு, "பாட ஆள் இல்லாம இந்த வருஷம் ஆட்டத்தை நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

அடுப்படியிலிருந்து லின்னெட், "நிறுத்த வேணாம் மாமா. நான் கூப்பிடுறேன்."

பதினாறு வயதுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் பாடாதவள். அவன் போனதும் பென்சிலை எடுத்தேன். என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"ஒரு வரி எழுதக் கூடாது நீ. என்ன பாடணும்னு நான் பாத்துக்கறேன்."

என்ன பாடப்போகிறாள்? எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளா? சொன்னால் அங்கேயே வெட்டிப்போடுவான். சொல்லாமல் அவனையும் பேர் சொல்லி அழைத்தால்? அதைவிட மோசம் எதுவும் இல்லை.

டிசம்பர் 25

வாத்துக்கறி வாசனை மட்டும் எனக்கு. லின்னெட் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பயம்தான்.

டிசம்பர் 26

வரிசையாக எழுத வேண்டும்.

தேவாலயத்துக்கு முன்னால் கூட்டம், பனி. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு. ஆறு பேரும் ஓரத்தில், வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டி, எஃகு வாள். மொன்னை வாள்தான், ஆனால் இரும்பு இரும்புதான். லின்னெட் நடுவில் போய் நின்றாள். கன்னத்து மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பாடினாள். கடவுளே, என்ன குரல்! எத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாள் அதை?

முதலில் வருபவன் வில்ஃப் கிழவன்
மூன்று படகை மூழ்கடித்தான்
நான்காம் படகு கேட்கிறான் இன்னும்
நம்பிக் கொடுக்க ஆளில்லை

ஊர் சிரித்தது. வில்ஃப் வட்டத்துக்குள் நடந்தான். அடுத்து ரொட்டிக் கடைக்காரன், தபால்காரன், பள்ளிக்கூட வாத்தியார், ஆட்டுப்பண்ணைக்காரன். ஐந்து பேரும் உள்ளே சுற்றிவந்தார்கள். ஐந்து கோரஸ். ஆறாவது சரணத்துக்கு அக்கார்டியன் ஒலித்தது.

லின்னெட் பாடவில்லை.

அக்கார்டியன் இன்னொரு சுற்று வந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு கிரெய்கையே பார்த்தாள். வைது ஒரு சரணம் பாடியிருந்தால்கூட அது அழைப்புத்தான். பேரே இல்லை. அக்கார்டியன் நின்றுவிட்டது. ஒரு குழந்தை, "அந்த மாமாவை ஏன் கூப்பிடல?" என்று கேட்டது. ஊருக்கே கேட்டது.

"கூப்பிடுடி" என்றான் கிரெய்க்.

ஒரு வார்த்தை இல்லை.

"பேரைச் சொல்லுடி!"

அழைக்காமலே உள்ளே வந்தான். வாளைத் தூக்கி இரண்டு கையாலும் அவள் தலைக்கு இறக்கினான். அவள் கையைக் குறுக்கே வைத்தாள். எலும்பு ஒடிந்தது எனக்குக் கேட்டது. கத்த வாய் இல்லை எனக்கு. கம்பிக்குள்ளேயே கத்தியதில் வாய் முழுக்க இரத்தம். மறுபடி ஓங்கினான்.

"பூட்டு!"

வில்ஃப். ஆட்டத்தில் கடைசியாகப் போடும் கட்டளை. கோமாளியின் கழுத்தைச் சுற்றி வாள்களை நட்சத்திரமாகப் பின்னச் சொல்வது. ஐந்து பேரும் யோசித்திருக்க மாட்டார்கள், கை பழகிய வேலை. ஐந்து வாளும் கிரெய்கின் கழுத்தைச் சுற்றி இறங்கிப் பின்னிக்கொண்டன. அவன் முட்டி போட்டான்.

வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள்.

ஆட்டத்தில் என்றால் ஒரே இழுப்பில் வாள்களை உருவுவார்கள். இன்று யாரும் உருவவில்லை. கிரெய்க் திமிறினான், கழுத்தில் எஃகு அழுந்தியது. "அப்பா, விடச் சொல்லுப்பா" என்றான். வில்ஃப் கைப்பிடியை விடவில்லை. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டிருந்தது அவனுக்கு. போலீஸ் வரும்வரை அப்படியே நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரன் பனியில் இரண்டு முறை வழுக்கினான், அப்போதும் விடவில்லை.

டிசம்பர் 27

லின்னெட் வாக்குமூலம் கொடுத்தாள். கட்டுப்போட்ட கையோடு மத்தியானம்வரை பேசியிருக்கிறாள். வந்து சூட்கேஸைப் பிரித்தாள். ஒற்றைக் கையால். உதவப் போனேன், முறைத்தாள்.

பிப்ரவரி 8

கம்பியை எடுத்துவிட்டார்கள். முதல் வார்த்தை கெட்ட வார்த்தை. டாக்டர் சிரித்தார்.

மார்ச் 19

கிரெய்குக்குச் சிறை. நீதிமன்றத்தில் வில்ஃப் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். கிரெய்கைக் கொண்டுபோனபோது கிழவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பெத்த வயிறு எதுவானாலும் எரியத்தானே செய்யும்.

ஏப்ரல் 30

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். பல் இடைவெளியில் காற்று விசில் அடிக்கிறது. கயிறு திரிப்பவன் பாட்டில் ஏழாவது சரணம் வந்தது. பாட முடியவில்லை. குரல் இருக்கிறது, எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேர் என்ன என்று தலைக்குள் யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதிவுசெய்த கொலைப் பாட்டு எல்லாவற்றையும் அழித்துவிடு என்று டெஸ்ஸிடம் சொன்னேன். "ஒன்பது பாட்டு மேவிஸ்! பைத்தியமா உனக்கு?" ஆமாம் என்றேன். கன்னம் பற்றிய நான்கு சரணத்தை வீட்டு அடுப்பில் போட்டேன். நல்ல சரணங்கள். வயிறு எரியத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 10

ஆல்பத்துக்கு விமரிசனம் வந்திருக்கிறது. லின்னெட் உரக்கப் படித்தாள்: "பழைய மெட்டுகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் மேவிஸ் ஹார்க்கருக்கு வயதாகிவிட்டது. பதினொரு பாட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை."

"பாவம், எவ்ளோ ஆசையா வாங்கினானோ" என்று லின்னெட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நவம்பர் 16

வில்ஃப் வந்தான். கையில் துணி சுற்றிய வாள். ஆறாவது வாளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னான். கண் லின்னெட்டைப் பார்த்தது. அவள் டீயை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள், ஒடிந்து சேர்ந்த கையை. எடையைப் பார்த்தாள். "ஒத்திகை என்னைக்கு மாமா?" என்றாள்.

அவன் போன பிறகு என்னிடம் திரும்பினாள். "அப்போ எனக்கு ஒரு சரணம் வேணுமே."

"எழுதட்டுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன்.

"எழுது. கேலி எவ்ளோ வேணா பண்ணிக்கோ. பேரு மொத வரிலயே வரணும்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திவிட்டு, கோரஸைத் தானே பாடிப் பார்த்தாள்.