போர்வையின் மறுபாதி

கலாப்ரியா
20 ஆகஸ்ட் 1951

அன்புள்ள சவேரியோவுக்கு,

இங்கே அத்தையும் நானும் நலம். உங்கள் நலத்தைத் தபால்காரர்தான் சொல்லவேண்டும். அவரோ நம் வாசலை மறந்தே போனார்.

தேவநற்கருணை ஊர்வலத்துக்கு ஜினெஸ்த்ராச் செடியின் மஞ்சள் பூவைத் தெருவெல்லாம் தூவினோம். பாறையில் முளைக்கிற செடி, மழையில்லாவிட்டாலும் அதற்குக் குறையில்லை. இப்போது தண்டை வெட்டி, சாம்பல் போட்டு வேகவைத்து, ஆற்றில் கல்லேற்றி ஊறப்போட்டிருக்கிறேன். நார் உரித்துப் போர்வைக்கு நூல் நூற்கவேண்டும். "ஒத்தையாளுக்கு எத்தனை போர்வைடி நெய்வே?" என்றார் அத்தை.

நம் தறி குறுகல் என்பதால் கல்யாணப் போர்வையை இரண்டு பட்டையாக நெய்து நடுவில் தைத்திருந்தேன். நீங்கள் கப்பலேறுமுன் அந்தத் தையலைப் பிரித்தோம். "அங்க ஒத்தக் கட்டில்தான், பாதி போதும். உன்னைக் கூப்பிட்டதும் சேத்துத் தைச்சுக்கலாம்" என்றீர்கள். குளிர்காலத்தில் என் பாதி முன்பக்கத்தை மூடினால் முதுகு குளிர்கிறது. தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. எப்போது கூப்பிடுவீர்கள்?

உங்கள்
நுன்சியாத்தா

புவனோஸ் அயர்ஸ்
4 நவம்பர் 1951

நுன்சியாத்தாவுக்கு,

வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை. அம்மாவைக் கவனித்துக்கொள். ஜனவரியில் இங்கே வரக் கப்பலேறும் நம்மூர் பெப்பேயிடம் போர்வையின் மறுபாதியைக் கொடுத்தனுப்பு. வீடு மாறிவிட்டேன். இங்கே கட்டில் பெரியது. கடைப் போர்வை எதுவும் ஜினெஸ்த்ராவுக்கு ஈடாகாது.

நீ வருவதைப் பிறகு பார்ப்போம். கோபிக்காதே.

சவேரியோ

கலாப்ரியா
6 ஜனவரி 1952

சவேரியோவுக்கு,

கட்டில் பெரியது என்று படித்ததும் பைத்தியக்காரிபோலச் சிரித்தேன். கப்பல் டிக்கெட் இருக்கிறதா என்று உறையை உதறிப் பார்த்தேன். அதன்பிறகுதான் கடைசி வரியைப் படித்தேன். என் பாதியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், என்னைக் கூப்பிடவில்லை.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "ஊசிய எங்கடி வெச்சிருக்கே?" என்றார். அவரே நூல் கோத்துத் தந்தார்.

சேர்த்துத் தைப்பதற்காக விட்டுவைத்திருந்த ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன். இனி அது எதனுடனும் சேராது. தைக்கும்போது அழுதேன், அதை மறைப்பானேன். ஆற்றில் ஊறிய நார் நிறைய மிச்சமிருக்கிறது. முதுகுக்கு இன்னொன்று நெய்துகொள்வேன்.

பெப்பே வெறுங்கையோடுதான் வருவார். உங்கள் பாதியில் ஓரம் பிரியத் தொடங்கியிருக்கும். அங்கே இருப்பவளை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

நுன்சியாத்தா